கோயில் ஆராதனையை நேரலையில் காட்ட எந்தக் கம்பியூட்டர் வாங்கலாம்?



2020-இல் ஊரடங்கு போட்டு ஆலயங்கள் மூடப்பட்டபோது, பூசையையும் ஆராதனையையும் போனில் பார்க்கப் பழகினோம். இன்று கோயில் திறந்திருக்கிறது. ஆனாலும் படுக்கையில் கிடக்கும் பாட்டியும், கொழும்பில் கடையில் நிற்கும் மகனும், வெளிநாட்டில் வேலை செய்யும் மகளும் வர முடியாது. "நம்ம கோயில் பூசையை அவங்களும் பார்க்க வேணும்" என்று ஆசைப்படுவது நியாயமே. ஆனால் அதற்குச் சேரும் காசு கொழுந்துக் கூடையிலிருந்து வந்த காசு. அது வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கம்பியூட்டருக்கு இதில் என்ன வேலை? கமரா பிடிக்கும் படம் மிகப் பெரியது. அப்படியே இணையத்தில் போகாது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாவது போல, படத்தையும் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரமும் நிற்காமல் அதைச் சுருக்குவதுதான் கம்பியூட்டரின் வேலை.

1. முதலில் சிக்னல் பாருங்கள். கோயிலுக்குள்ளேயே, ஆராதனை நடக்கும் நேரத்தில் வேகத்தைச் சோதியுங்கள். இறங்கும் வேகம் அல்ல, ஏற்றும் வேகம்தான் முக்கியம். 720 அளவுப் படத்துக்கு விநாடிக்கு 2.5 மெகாபிட் போகும். ஏற்றும் வேகம் 5 மெகாபிட் இருந்தால் பயமில்லை. மணிக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி டேட்டா முடியும். சிக்னல் இல்லாத இடத்தில் எவ்வளவு விலைக் கம்பியூட்டரும் உதவாது.

2. புதியது தேவையில்லை. அலுவலகங்களில் பாவித்த கம்பியூட்டரே போதும். ஆனால் மலிவு என்று மிகப் பழையதை எடுக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழமையான பாதுகாப்புச் சேவை 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-8500 என்று எழுதியிருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் 8-தான் தலைமுறை. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க் இரண்டும் இருக்க வேண்டும். படத்தைச் சுருக்கும் குயிக் சிங்க் வசதி அநேகமான இன்டெல் சிப்பிலேயே உண்டு. "விலை கூடிய கிராபிக்ஸ் கார்ட் போடுங்க" என்று கடையில் சொன்னால், ஒரு கமராவுக்கு அது தேவையில்லை.

3. கரண்ட் போகும் இடமா? அப்படியானால் பற்றரி நல்லாயிருக்கும் லெப்டொப் எடுங்கள். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் விலையையும் கணக்கில் சேருங்கள். எதுவானாலும் ரௌட்டருக்கும் பற்றரி வேண்டும்.

4. சத்தத்துக்கும் காசு ஒதுக்குங்கள். படம் மங்கினால் ஜனம் பொறுக்கும். பிரசங்கம் கேட்காவிட்டால் நிறுத்திவிடும். கமராவின் மைக்கில் எதிரொலிதான் விழும். கோயில் அம்பிளிபயரிலிருந்து கம்பியூட்டருக்கு ஒரு வயர் இழுப்பது நல்லது.

5. மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம். யூடியூபில் போனிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர் வேண்டும். கம்பியூட்டரிலிருந்து செய்ய அந்த எண்ணிக்கை தேவையில்லை. ஆனால் முதல் தடவை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே சனிக்கிழமை இரவு தொடங்காமல், சில நாள் முன்பே பதியுங்கள்.

வாங்குமுன் கடையிலேயே ஓபிஎஸ் போட்டு, ஒரு மணி நேரம் பதிவு செய்து பாருங்கள். படம் விக்கினாலோ, மெஷின் மிகவும் சுட்டாலோ விட்டுவிடுங்கள். உத்தரவாதம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்கி, சபைக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

கம்பியூட்டர் படித்த பிள்ளைகள் நம் லயங்களிலேயே இருக்கிறார்கள். கடைக்குப் போகும்போது அவர்களில் இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். பிறகு அதை இயக்கும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள்.