அலாஸ்கா காட்டுப் பயணம்: கரடியைவிட ஆற்றுக்கே அஞ்ச வேண்டும்

அலாஸ்கா காட்டுக்கு நடைப்பயணம் போக நினைப்பவர்களுக்கு முதலில் வரும் பயம் கரடி. ஆனால், அங்கு ஆறுகளும் உயிரைப் பறித்திருக்கின்றன.

1992 ஏப்ரலில் கிறிஸ் மெக்கண்ட்லஸ் என்ற 24 வயது அமெரிக்க இளைஞர், டெனாலி தேசியப் பூங்கா அருகே ஸ்டாம்பீட் பாதையில் தனியாக நடந்தார். டெக்லனிக்கா ஆற்றைக் கடந்து, காட்டில் கைவிடப்பட்டிருந்த பழைய பேருந்தில் தங்கினார். ஜூலையில் ஊர் திரும்பப் புறப்பட்டபோது, அதே ஆறு பெருக்கெடுத்து ஓடியது. வேறு வழியின்றிப் பேருந்துக்கே திரும்பினார். பட்டினியால் இறந்த அவரது உடல் செப்டம்பரில் கண்டெடுக்கப்பட்டது.

ஏப்ரலில் கடக்க முடிந்த ஆறு ஜூலையில் ஏன் மாறியது? அது பனிப்பாறை உருகி ஓடிவரும் ஆறு. குளிர் மாதங்களில் உருகும் நீர் குறைவு. கோடையில் வெயில் ஏற ஏற நீரும் ஏறும்.

நம் நாட்டு நீர்வீழ்ச்சிகளில் 'கெப்பாலா ஆயிர்' எனப்படும் திடீர் வெள்ளம், மேலே பெய்யும் மழையால் வருவது. அங்கோ மழையே இல்லாத வெயில் நாளிலும் ஆறு பெருகும். காலையில் முழங்கால் அளவு இருந்த நீர், மாலையில் இடுப்பைத் தொடலாம். பாறைத்தூள் கலந்து சாம்பல் நிறத்தில் ஓடுவதால் ஆழமும் தெரியாது. குளிரில் கால்கள் சீக்கிரம் மரத்துப்போகும்.

எனவே, அதிகாலையில் கடப்பதே நல்லது. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடத்தைத் தேட வேண்டும். முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பையை உடனே உதறிவிடலாம். கயிற்றை உடலில் கட்டிக்கொள்ளக் கூடாது. நீரோட்டம் கயிற்றோடு சேர்த்து ஆளை நீருக்குள் அமுக்கிவிடும்.

மெக்கண்ட்லஸ் கதை புத்தகமாகவும் படமாகவும் வந்தபின், அந்தப் பேருந்தைப் பார்க்கப் பலர் கிளம்பினர். 2010-இலும் 2019-இலும் இரு பெண்கள் ஆற்றில் உயிரிழந்தனர். 2020 ஜூன் 18-ஆம் தேதி பேருந்து ஹெலிகாப்டரில் அகற்றப்பட்டது.

பேருந்து போய்விட்டது, ஆறு அங்கேயேதான் ஓடுகிறது. அப்பக்கம் போகிறவர்கள் கூடுதலாக இரண்டு நாள் உணவு எடுத்துச் செல்ல வேண்டும். திரும்பும் தேதியை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கையில் உணவு இருந்தால், நீர் வடியும்வரை கரையில் அவசரமின்றிக் காத்திருக்கலாம்.