எச்சில் பட்ட கொழுந்து

இந்தத் தேயிலைக் கொழுந்தில் வட்ட வட்டமாகத் தெரியும் பழுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குத்து. குத்தியது தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, இனத்தால் இது நாவாய்ப்பூச்சி. முதுகில் குண்டூசி போல நிமிர்ந்து நிற்கும் முள்ளே அடையாளம். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இதன் தொல்லை பழகிப்போன ஒன்று.

ஊசி வாயில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் எச்சில் இறங்கும், மற்றதில் சாறு ஏறும். எச்சிலின் நொதிகள் இலைத் திசுவைக் கரைத்துவிடுவதால் ஜீரணம் இலைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. உடைந்த செல்களின் பாலிஃபீனால்கள் காற்றுப் பட்டுப் பழுப்பாகின்றன. குன்னூர் ஃபேக்டரிகளில் உருட்டிய பச்சைத்தழை நிறம் மாறுவதும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். ஆனால் செடியிலேயே அது நடந்தால் இலை சுருண்டு, கொழுந்து கருகி, பறிக்க எதுவும் மிஞ்சாது.

இதன் உறவினர்களில் சில விதைக்கே குறிவைப்பவை. அவரையில் காய் நாவாய்ப்பூச்சி தோலைத் துளைத்து உள்ளிருக்கும் பருப்பை உறிஞ்சும். காய் வெளியே நன்றாகத்தான் இருக்கும். உரித்தால் பருப்பு சுருங்கி, பள்ளம் விழுந்து கிடக்கும். விதைத்தால் பெரும்பாலும் முளைக்காது.

நல்லவேளையாக நம் மலையில் இல்லாத ஒன்று, ஈரான், துருக்கி கோதுமை வயல்களின் 'சன்' பூச்சி. பூச்சி போன பிறகும் அதன் எச்சில் நொதி மணிக்குள் தங்கிவிடுகிறது. அரைத்த மாவில் தண்ணீர் பட்டதும் அது வேலையைத் தொடங்கிப் பசைப் புரதத்தைத் துண்டாக்கும். நூறு மணியில் நாலைந்து குத்துப்பட்டிருந்தாலே போதும், பிசைந்த மாவு இளகிவிடும், ரொட்டி எழும்பாது.