ஒரே பாகம், இரண்டு விலை

கடைக்குச் சரக்கேற்றும் வண்டியைக் கம்பெனி சர்வீசுக்கு விட்டு எடுத்தால், கூலியைவிட உதிரி பாகங்களின் விலையே பில்லில் பெரிதாக நிற்கிறது. கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ போன்றவற்றில் பல, வண்டிக் கம்பெனி தானே செய்பவை அல்ல. பாகத் தயாரிப்பாளரிடம் வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. லாபம் வைப்பதை வணிகர்களாகிய நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் நம்மிடம் விலை கூடினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இங்கே எதிர்க்கடைக்கே சரக்கு போவதில்லை.

கார் கம்பெனிகள் மீதான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று இதைத்தான் சொன்னது. அசல் பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததாக 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேல்முறையீட்டுக்குப் போயின.

எனவே வேலைக்குச் சம்மதிக்கும் முன் பாக எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற சந்தைகளில், தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் அது என்ன விலை என்று விசாரியுங்கள். பிரேக், ஸ்டியரிங் பாகங்களில் மட்டும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதற்கு முன் பலவற்றுக்கு 28. சரக்கு வண்டிக்கான பாகம் என்றால் அந்த வரியை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.