ஓய்வு நாள் முடிந்ததும் நெஞ்சு இறுகுகிறதா?

புண்ணின் மீது நாங்கள் சுற்றும் கட்டுத்துணி எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். இப்பகுதியின் நூற்பாலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் வேலை செய்வோர், வத்திராயிருப்பு வட்டாரத்திலிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வருவோரிலும் உள்ளனர். பிறர் புண்ணை ஆற்றும் துணிக்காக உழைப்போரின் நுரையீரலைக் காப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பஞ்சைப் பிரித்துத் தூய்மைப்படுத்தும் புளோ ரூம், கார்டிங் பிரிவுகளில் நுண்தூசி மிகுதி. அதனை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்குப் 'பிசினோசிஸ்' எனப்படும் பஞ்சுத்தூசி நோய் வரக்கூடும். இதற்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும்; இருமலும் மூச்சுத்திணறலும் தோன்றும்; அடுத்தடுத்த நாள்களில் அவை தணியும். இந்தத் தொடக்க நிலையில் தூசியிலிருந்து விலகினால் நலம் பெறலாம். கவனியாது விட்டால், தொல்லை வாரம் முழுவதும் நீடித்து, இழந்த நுரையீரல் திறனை மருந்தாலும் மீட்க இயலாத நிலை வரும். புகைபிடிப்போருக்குப் பாதிப்பு இன்னும் கடுமை.

மார்பு எக்ஸ்ரேயில் இந்நோய்க்கெனத் தனி அடையாளம் தெரிவதில்லை. எனவே செய்யும் வேலையைச் சொல்லாத நோயாளிக்கு ஆஸ்துமா என்றே சிகிச்சை தொடரக்கூடும். வேலை போய்விடுமோ என்று அஞ்சிச் சிலர் மறைக்கின்றனர். அந்த அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் மூச்சு போனபின் வேலையும் நிலைப்பதில்லை.

ஆயிரம் பேருக்கு மேல் பணியாற்றும் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. இருபது பேர் வேலை செய்யும் கூடத்தில் அத்தகைய அலுவலர் இல்லை. உரிமையாளரும் அதே தூசியில்தான் நிற்கிறார். அங்கே வல்லுநர் ஒருவர் நேரில் வந்து கூறும் ஆலோசனை பெரும் பயன் தரும். அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையையும், சென்னையிலுள்ள மண்டலத் தொழிலாளர் கழகத்தையும் இதற்காக அணுகலாம்.

அத்தகைய வல்லுநர் முதலில் சொல்பவை பெரும்பாலும் எளியவையே:

• தூசி எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சி வெளியேற்றுதல்.
• துடைப்பத்தாலும் காற்றுக் குழாயாலும் தூசியைக் கிளப்பாமல், உறிஞ்சும் கருவியால் அகற்றுதல்.
• கைக்குட்டைக்கு மாற்றாக, முகத்தில் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணிதல்.
• வேலையில் சேரும்போதும் ஆண்டுதோறும் நுரையீரல் திறன் பரிசோதனை செய்தல். ஐயம் எழுந்தால் விடுமுறைக்கு அடுத்த நாளில், வேலைக்கு முன்னும் பின்னும் செய்தல்.

இதனால் பயன் உண்டா என்ற ஐயம் வேண்டா. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு பஞ்சுத்தூசிக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது; ஆலைகளில் தூசி குறையவே, நோயும் வெகுவாகக் குறைந்தது.

பிசினோசிஸ், இ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் கூடங்களுக்கு இத்திட்டம் பொருந்தும். 2017 ஜனவரி முதல் இதற்கான மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய். காப்பீட்டு அட்டை இருப்பின் மருத்துவமனைக்கு வரும்போது உடன் எடுத்து வாருங்கள்.

குடும்பத்தினருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. செய்யும் வேலை, பணிபுரியும் பிரிவு, எத்தனை ஆண்டுகள், எந்தக் கிழமையில் தொல்லை மிகுகிறது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். பல நேரங்களில், நோயின் பெயர் அந்தத் தாளிலேயே இருக்கும்.