குடோன் மாத்திரையும் குடும்பப் பாதுகாப்பும்

நம் வணிகர்களில் பலருக்குக் கடையும் வீடும் ஒரே கட்டடத்தில்தான். முன்னால் கடை, பின்னால் குடோன், மாடியில் குடும்பம். பருப்பு, கோதுமை மூட்டைகளில் வண்டு விழுந்தால், செல்பாஸ் என்று நாம் சொல்லும் மாத்திரையை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

இதன் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் நச்சுவாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரையிலிருந்து 1 கிராம் வாயு வரும். வண்டைக் கொல்வது இந்த வாயுதான். மூட்டைக்குள் ஊடுருவும் வாயு சுவர் வெடிப்பு, கதவிடுக்கு, ஒயர் போகும் துளை வழியாகப் பக்கத்து அறைக்கும் மாடிக்கும் போகும். கண்ணுக்குத் தெரியாது. பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரலாம். ஆனால் வாடை இல்லாததால் வாயு இல்லை என்று நம்பக் கூடாது. 10 லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு கலந்தாலே உயிருக்கு ஆபத்து. கைக்குட்டை கட்டினால் தடுக்காது. மாற்று மருந்தும் கிடையாது.

தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும் என்பது தவறான எண்ணம். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரில், வீட்டுக்கு அடியில் போட்ட இம்மருந்தைக் கழுவிவிடத் தண்ணீர் அடித்தார்கள். வாயு மொத்தமாகக் கிளம்பி, அந்த வீட்டின் நான்கு குழந்தைகள் இறந்தனர்.

நம் நாட்டுச் சட்டப்படி அரசு நிறுவனங்களும், அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே, தகுதி பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் இதைப் பயன்படுத்தலாம். நாமே வாங்கி வைப்பதும், சில்லறையாக விற்பதும் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் மாத்திரை வைக்க இடம் தரவேண்டாம். வண்டு விழுந்த சரக்கைத் தனிக் குடோனுக்கு மாற்றி, அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

2. அவர்கள் சோதித்துச் சொல்லும்வரை அந்தக் குடோனைத் திறக்க வேண்டாம். மிஞ்சும் சாம்பலையும் அவர்களே அப்புறப்படுத்தட்டும்.

3. பழைய சரக்கை முதலில் தள்ளுங்கள். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டுங்கள். நன்கு காய்ந்த சரக்கையே வாங்கி, மரக்கட்டைமேல் அட்டி போடுங்கள். பாதி வண்டு இதிலேயே குறையும்.

4. வீட்டில் பலருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் கண்டால் உணவுக்கோளாறு என்று காத்திருக்க வேண்டாம். அனைவரும் உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள். மாத்திரை வைத்த விவரத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கைவசம் பழைய டப்பா இருந்தால் திறக்கவோ, தண்ணீரில் போடவோ வேண்டாம். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். சரக்கு நட்டத்தை அடுத்த சீசனில் ஈடுகட்டலாம். மாடியில் உறங்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து, வணிகர் பெருமக்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.