பள்ளிக்கூடத்து நாற்காலி

கோவையில் 2024 ஆகஸ்டில் திறந்த ஆத்துப்பாலம் மேம்பாலத்தின்மேல் வாகனங்கள் தங்குதடையின்றி விரைந்துகொண்டிருக்க, கீழே உக்கடம் பேருந்து நிலையத்தில், பத்து வயதுப் பையன் ஒருவனை இடுப்பில் சுமந்தபடி ஒரு தாய் டவுன் பஸ்ஸின் உயர்ந்த படியில் கால் வைத்த காட்சியைச் சமீபத்தில் கண்டேன். பையனுடைய கால்கள் கத்தரிக்கோல்போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. தலை நிலைகொள்ளாமல் அவள் தோளில் ஆடிற்று. எழுந்து இடம் கொடுத்த பெரியவர், அவன் கேட்டுக்கொண்டிருப்பதைப் பொருட்படுத்தாமல், "ஏனுங்கம்மா, பையனுக்குப் புத்தி எப்படிங்க?" என்று விசாரித்தார்.

"அவனையே கேளுங்க. பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகுமுங்க, அவ்வளவுதான்."

"உன்ற பேரென்ன கண்ணு?" என்றார் பெரியவர். முகம் கோணி, வலக்கை விறைத்து நீண்டு, உதடுகள் இரண்டு மூன்று தடவை பிரயத்தனப்பட்டு, பெயர் வெளிவந்தபோது பஸ் டவுன்ஹாலை எட்டியிருந்தது. பெயர் வந்தது என்பதே விஷயம்.

மூளை முடக்குவாதம் என்று வைத்தியர்கள் சொல்லும் இந்நிலை, கருவிலோ, பிரசவ வேளையிலோ, பிறந்த சில காலத்திற்குள்ளோ, வளர்ந்துவரும் மூளையில் உடலியக்கத்தை ஆளும் பகுதிக்கு நேர்ந்த ஊறினால் வருவது. தாமே கோணல் பாதத்துடன் வளர்ந்தவரான வில்லியம் ஜான் லிட்டில் என்ற ஆங்கில வைத்தியர், 1861-ல் லண்டனில் இதை விவரித்தபோது, கடினமான பிரசவத்தையே பிரதான காரணமாகக் கண்டார். மனோதத்துவத்தால் பிற்பாடு பிரசித்தி பெற்ற சிக்மண்ட் பிராய்டோ, 1897-ல் எழுதிய நூலில், கருவிலேயே நேர்ந்துவிட்ட கோளாறின் அறிகுறியாகவும் பிரசவச் சிரமம் இருக்கக்கூடும் என்று மாறுபட்டார். பிறக்கையில் பிராணவாயு குறைந்ததால் வருவது சிறுபான்மையே என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியிருப்பதால், பிராய்டின் சந்தேகம் பெருமளவு நியாயமானதே. குறைமாதப் பிறப்பு, கர்ப்பகாலத் தொற்று, கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல இருக்க, கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றும் பிரசவத்தில் ஒத்துழைக்கவில்லை என்றும் பெற்றவளையே குற்றவாளியாக்கும் வழக்கம் நம் குடும்பங்களை விட்டு இன்னும் போகவில்லை.

மூளையில் ஏற்பட்ட ஊறு ஏற்பட்டதோடு நின்றுவிடும், அது வளர்வதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு விறைத்த தசை ஈடுகொடுக்க முடியாமையால், ஆறு வயதில் சுவரைப் பிடித்து நடந்த குழந்தை பன்னிரண்டில் குதிகால் தரையில் படாமல் நிற்பதும், இடுப்பு மூட்டு நழுவுவதும் உண்டு. இதைக் கண்டு நோய் முற்றிவிட்டதென்று சோர்ந்து, பயிற்சியை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். படிப்பே நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் இதைவிட எளியது: மூன்று வயதில் இடுப்பில் ஏறியவன் பத்து வயதில் இருபது கிலோவுக்கு மேல் கனக்கிறான், தாயின் முதுகு ஓய்கிற நாளில் படிப்பும் ஓய்ந்துவிடுகிறது.

வகுப்பறையில் இப்பிள்ளைக்கு முதலில் வேண்டியது அனுதாபமன்று, அளவான நாற்காலி. பாதங்கள் தொங்காமல் பலகையில் பதிந்து, இடுப்பு பின்சாய்வோடு ஒட்டி, கால்களை விலக்கி வைக்க நடுவில் ஒரு கட்டையும், முழங்கை ஊன்ற முன்னால் ஒரு பலகையும் இருந்துவிட்டால், விழாமல் இருப்பதற்கே செலவாகிவந்த சக்தி கண்ணுக்கும் கைக்கும் திரும்புகிறது. சாதாரண பெஞ்சின் விளிம்பில் கிறுக்கிய அதே கை, இங்கே எழுத்தை எழுத்தாக எழுத முயல்வதை, பொறுமையுள்ள எந்த உபாத்தியாயரும் பார்க்கலாம். கை இணங்காவிட்டால் படப்பலகையில் விரல் காட்டும். விரலும் இணங்காவிட்டால் கண் காட்டும். இக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறிவுத்திறனில் குறைவே கிடையாது என்பதை அறியாமல், குழறுகிற நாவைக் கொண்டு புத்தியை எடைபோடுவது நம்முடைய பேதைமை.

மூளை முடக்குவாதமுள்ள தம் மகள் மாலினிக்குத் தகுந்த பள்ளி இல்லையென்று கண்ட மிது ஆலூர் 1972-ல் பம்பாயில் தொடங்கிய சங்கம், இத்துறையில் நம் நாட்டின் முன்னோடி. சென்னையில் பூனம் நடராஜன் 1985-ல் ஆரம்பித்த பள்ளியே இன்றைய வித்யாசாகர். மாலினியோ பட்டங்கள் பெற்று, ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டச்சு செய்து தம் வரலாற்றை எழுதி, அவ்விரலின் பெயரையே நூலுக்குச் சூட்டினார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினெட்டு வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறுவது இவர்களின் உரிமை. வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். பொதுப் பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் உண்டு. ஆனால் இவை கேளாமல் வந்து சேர்வதில்லை. ஆகையால் பெற்றோர்களே, மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியரைப் பள்ளி திறந்த மாதத்திலேயே போய்ப் பாருங்கள், பரீட்சை நெருங்கும்வரை காத்திராதீர்கள்.