தோட்டச் சொல்லும் கணினியின் நிரற்கூறும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்த தோட்ட மக்களிடம் தொழில்சார்ந்த தனிச்சொற்கள் பல இருந்தன. விடியற்காலையில் தொழிலாளர்கள் ஒன்றுகூடி அன்றைய வேலையைப் பெறுவது பெரட்டு. பால்மரத்தைச் சீவியதும் வடியும் பாலை ஏந்தும் கிண்ணம் மங்கு. சீவிய இடத்திலும் மங்கிலும் உறைந்து ஒட்டிக்கொள்வது ஒட்டுப்பால். அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் கிராணி. நாட்டின் மற்றத் தோட்டங்களிலும் வழங்கிய இச்சொற்கள், ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டு, குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்த பின்னர் மூத்தோர் பேச்சிலேயே மிகுதியாக எஞ்சியுள்ளன.

ஒரு மாணவி தன் பாட்டியின் உழைப்பைப் பற்றிக் கணினியில் கட்டுரை எழுதுகிறாள் எனக் கொள்வோம். "பாட்டி மங்குகளைக் கழுவி அடுக்கினார்" என்று தட்டெழுதுகிறாள். பிழைதிருத்தி 'மங்குகளை' என்னும் சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடு இடுகிறது. அகராதியில் 'மங்கு' என்பது 'ஒளி குறை' என்னும் வினையாக மட்டும் இருந்தால் இப்படித்தான் நிகழும். வினைச்சொல் 'கள்' விகுதியையோ 'ஐ' உருபையோ ஏற்காதல்லவா? சொல் பிழையன்று, கணினிக்குத் தெரியாத சொல், அவ்வளவுதான். அந்தச் சிவப்புக் கோட்டை நீக்க எவ்வளவு உழைப்பு தேவை? ஒரு வரி போதுமா, ஓராண்டு வேண்டுமா? அந்த மென்பொருள் எப்படிக் கட்டப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூற முடியும்.

பிழைதிருத்தி ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றினாலும் உள்ளே பல வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை எழுத்துகளைப் பிரித்தறிவது. தமிழ் கற்கும் சிறுவனுக்கு 'தோட்டம்' நான்கெழுத்துச் சொல். யூனிகோடு முறையிலோ அது த, ோ, ட, ், ட, ம, ் என ஏழு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. இதனால் வேடிக்கையான இடர்கள் எழுகின்றன. 'விகடகவி' என்பது இருபுறமிருந்தும் ஒன்றுபோல் வாசிக்கத்தக்க மாலைமாற்றுச் சொல். தமிழ் எழுத்தை அறியாத நிரல் அதன் குறிகளைத் திருப்பிப் போட்டால், 'வி'யிலிருந்து பிரிந்த கொக்கி தனியே முன்னால் வந்து நிற்கும்; மாலைமாற்று இல்லை என்று கணினி தீர்ப்புக் கூறிவிடும். அதேபோல, 'தோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என்னும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. இவற்றை ஒருமுகப்படுத்தாமல் சொல்லைத் தேடினால், கண்முன்னே இருக்கும் சொல்லும் அகப்படாது.

அடுத்த வேலை வேர்ச்சொல்லைக் காண்பது. தோட்டத்தில், தோட்டத்துக்கு, தோட்டங்களிலிருந்து என்னும் வடிவங்களையெல்லாம் அகராதியில் தனித்தனியாக ஏற்றினால் அகராதிக்கு முடிவே இராது. 'தோட்டத்தில்' என்பதிலிருந்து 'இல்' உருபையும் 'அத்து'ச் சாரியையையும் நீக்கி, இழந்த 'ம்' எழுத்தை மீண்டும் சேர்த்தால்தான் 'தோட்டம்' கிடைக்கும். வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணமாக மாணவர்கள் கற்பதையே நிரலாளர் விதிகளாக எழுதித் தருகிறார்.

இந்த வேலைகள் பிழைதிருத்திக்கு மட்டும் உரியவை அல்ல. தேடுபொறி, மொழிபெயர்ப்புக் கருவி, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் செயலி ஆகிய அனைத்துக்கும் இவை வேண்டும். ஒவ்வொரு குழுவும் எழுத்துப் பிரிப்பிலிருந்தே தொடங்கினால், தமிழைப் போன்ற சிறிய சந்தை கொண்ட மொழியில் எவரும் கடைசிப் படியை எட்டமாட்டார். எனவே ஒவ்வொரு வேலையையும் தனி நிரற்கூறாக எழுதி, பிறரும் எடுத்துப் பொருத்திக்கொள்ளும்படி வைப்பதே சிறந்த வழி. இதற்கு இரண்டு இயல்புகள் தேவை. ஒன்று, கூறு மீண்டும் மீண்டும் பயன்பட வேண்டும். மற்றொன்று, ஒருவர் செய்த கூறு இன்னொருவர் செய்ததோடு இணங்கி இயங்க வேண்டும். இரண்டாவதுதான் கடினமானது.

ரப்பர்த் தொழிலே இதற்கு நல்ல சான்று. முற்காலத்தில் புகையூட்டிய ரப்பர்த் தகடுகளைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தனர். 1965ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். எனப்படும் மலேசியத் தர ரப்பர் திட்டம் அறிமுகமானது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என அளந்து தரம் குறித்ததால், எந்தத் தோட்டத்திலிருந்து வந்த கட்டியாக இருந்தாலும் அயல்நாட்டுத் தொழிற்சாலை அதை ஐயமின்றி வாங்கிப் பயன்படுத்த முடிந்தது. பல தோட்டங்களின் பாலும் ஒரே அளவுகோலுக்கு இணங்கிற்று.

தமிழ்க் கணிமைக்கு அத்தகைய அளவுகோல் எளிதில் வாய்க்கவில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய மடல் மற்றொன்றில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணைய மாநாட்டுக்குப் பின்னர்த் தமிழ்99 விசைப்பலகை பரவியது. யூனிகோடு எங்கும் நிலைபெற்ற பின்னரே, கோலாலம்பூரில் எழுதியதைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள நிரல்கள் அப்படியே வாசிக்க முடிந்தது.

அந்த அடித்தளத்தின்மேல் இன்று பல கூறுகள் எழுந்துள்ளன. முத்தையா அண்ணாமலையும் தன்னார்வலர்களும் பைத்தான் நிரல்மொழியில் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிறது. எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மார்ட்டின் போர்ட்டர் உருவாக்கிய ஸ்னோபால் என்பது வேர்ச்சொல் விதிகளை எழுதுவதற்கென்றே அமைந்த சிறு நிரல்மொழி. அதில் தாமோதரன் ராஜலிங்கம் தமிழ் விதிகளை எழுதினார். ஸ்னோபால் விதிகளை ஒருமுறை எழுதினால் அவற்றிலிருந்து சி, ஜாவா, பைத்தான் எனப் பல நிரல்மொழிகளுக்கான நிரல்களைப் பெறலாம். அதனால் 2019இல் வெளியான போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பில் தமிழ்த் தேடலும் இடம்பெற்றது. தரவுத்தளத்தைச் செய்தவர்கள் தமிழ் இலக்கணம் கற்க வேண்டிய தேவை எழவில்லை.

இலங்கை ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்த தமிழி-யூடிபி என்னும் வாக்கியப் பகுப்புக் கருவியில் இணக்கத்தின் பயன் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சொற்களைப் பிரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்சாவையும், தொடரின் உறவுகளைக் காண சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் பகுப்பியையும் எடுத்துக்கொண்ட அவர்கள், தமிழுக்கே உரிய உருபன் பகுப்பைத் தாங்களே அமைத்தனர். இத்தகைய கருவிகளுக்கெனப் பொதுவான ஓர் அட்டவணை முறை உள்ளது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி; ஒவ்வொரு வரியிலும் பத்துப் பத்திகள். ஒரு கூறு நிரப்பிய பத்தியை அடுத்த கூறு தயங்காமல் வாசிக்கும்.

பொதுக் கூறுகளால் இடரும் உண்டு. ஒன்றில் உள்ள பிழை அதைப் பொருத்திய எல்லாவற்றிலும் பரவும். உருபை மட்டும் வெட்டும் நிரலுக்குக் 'காலை' என்பது 'கால்' என்பதன் இரண்டாம் வேற்றுமையாகவே தோன்றும். காலைப்பொழுதைத் தேடுபவருக்குக் கால்வலி மருந்து கிடைக்கலாம். ஆயினும் அந்தப் பிழையை ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும் என்பதால், தனித்தனியாகக் கட்டுவதைவிட இதுவே மேல்.

இனி மாணவியின் சிவப்புக் கோட்டுக்கு வருவோம். லிப்ரே ஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றில் இயங்கும் ஹன்ஸ்பெல் பிழைதிருத்தி ஹங்கேரிய மொழிக்காக உருவானது. அதுவும் தமிழைப் போன்றே ஒட்டுகளை அடுக்கும் மொழி. ஹன்ஸ்பெல்லில் சொற்பட்டியல் ஒரு கோப்பு. ஒட்டு விதிகள் வேறொரு கோப்பு. சரிபார்க்கும் நிரல் இரண்டுக்கும் வெளியே உள்ளது. விதிகள் முன்பே செம்மையாக எழுதப்பட்டிருந்தால், 'மங்கு' என ஒரு வரி சேர்த்து, அது பெயர்ச்சொல் என்பதற்கான குறியை இட்டாலே போதும். மங்குகளை, மங்கில், மங்குக்கு ஆகிய யாவும் ஏற்கப்படும். நிரலைத் தொடவே வேண்டியதில்லை. நிரல் எழுதத் தெரியாத மாணவர்களும், தாத்தா பாட்டியிடம் சொற்களைக் கேட்டு, வகையும் எடுத்துக்காட்டு வாக்கியமும் குறித்து இப்பட்டியலை வளர்க்கலாம்.

சில சொற்களுக்கு ஒரு வரி போதாது. இங்கே பெரட்டு எனப்படுவதை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிரட்டு என்பர். இரண்டும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே. பட்டியலில் இரண்டையும் சேர்க்கலாம். ஒன்றைத் தேடும்போது மற்றதும் கிடைக்க வேண்டுமானால், இவை ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்று கூறும் வரியையும் யாரேனும் எழுத வேண்டும்.